கேட்டால் சொல்லிவிடுவாள்

அக்காவிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும். பதில் வந்துவிடும்.

இது தெரியாமல் நான் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். 2004-ம் வருடம், மழைக்காலத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் துடுப்புப் படகுக் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பயிற்சியாளர், "மரக்காணத்துல ஒரு பொண்ணு இருக்குது. நேஷனல்ல மெடல் வாங்கினது. கேம்ப் இல்லாத நாள்ல அங்க உப்பங்கழியில தனியா ஓட்டிக்கிட்டு இருக்கும். போய் அதோட ஓட்டிப் பாரு, அப்பத்தான் உனக்குப் புரியும்" என்று அனுப்பிவைத்தார்.

கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறி, உப்பளத்துக்குப் பிரியும் பாதையில் இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. வரப்பு முடிகிற இடத்தில், உப்பங்கழியின் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே உப்பு மூட்டைகளுக்கு மேலே இரண்டு கயிற்றில் ஒரு பந்தயப் படகு தொங்கியது. சென்னையில் ஒரு கிளப் கழித்துக் கொடுத்தது. முப்பது அடிக்கு மேல் நீளம், அகலம் ஒரு முழம்கூட இல்லை. இரண்டு பேர் ஓட்ட வேண்டிய படகு. துணைக்கு ஆள் இல்லாததால் அந்தப் பெண், நான் அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவள், அதைத் தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறக்கும்போது மட்டும் அவள் அம்மா உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடிப்பார். உப்பளத்து ஜனங்கள் அந்தப் படகுக்கு முருங்கைக்காய் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று இரண்டு மணி நேரம் ஓட்டினோம். கரைக்கு வந்ததும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன். "அக்கா, இந்த வருஷம் நான் ஸ்டேட் டீம்ல வருவேனா?"

"வர மாட்டே" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே. "துடுப்பு தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே இழுக்குற. காலுல பலம் இருக்குது. அடுத்த வருஷம் கேளு."

கிளியனூரில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் வந்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறும். மற்றவர்கள் எல்லாரும் "வருவே, வருவே" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இவள் சொன்னதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் போலிருந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். என் பெயர் அவளுக்குத் தெரியும் என்றாலும் கூப்பிட்டது "ஏ, கோட்டக்குப்பம்" என்றுதான். நல்ல உயரம். எட்டாவது படிக்கும்போது விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்களாம். அதைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "திறமைன்னு எடுக்கல. கை நீளம்னு எடுத்தாங்க. டேப் வெச்சு அளந்தாங்க."

அவள் அம்மா குறுக்கே விழுவார். "கூடையைத் தலைக்கு ஏத்திவிட எனக்கு நல்ல கையா இருந்துது. அதைக் கொண்டும்போயி தண்ணியைக் கிளறச் சொல்லிட்டாங்க."

அந்த வருடம் அக்கா ஒரு வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்த் திரும்பியபோது, பஸ் நிறுத்தத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். "உலக நாடுகளை வென்று திரும்பிய உப்பளத்து வீராங்கனையே வருக." மேளம், மேடை, சால்வை எல்லாம் இருந்தன. நானும் கூட்டத்தில் நின்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கை அவள் கையில் கொடுத்து, "உன் வெற்றியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெயிக்கல. ஆறாவது வந்தேன். கடைசிப் போட்டியில மொத்தமே ஆறு படகு."

கூட்டம் சிரித்தது. பெரியவர் சமாளிக்கப் பார்த்தார். "உலகத்துலயே ஆறு பேர்ல ஒருத்தி நம்ம பொண்ணு! அதைச் சொல்லணும்ல!"

"அதுகூட ஒரு படகு வராததால கெடச்ச எடந்தாங்க" என்றாள் அக்கா.

பெரியவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்கு அந்தப் பேனர் அவர்கள் வீட்டுச் சமையற்கட்டின் கூரைமேல் ஏறியது. நல்ல கெட்டியான பேனர், ஒழுகவே இல்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பார்க்க முடிந்தது, என் வீட்டுக்கு அவள் வரும்வரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அத்தா துபாயில். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பெண் பிள்ளை அரைக்கை பனியனோடு தண்ணீரில் படகு ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை வருகிற போனில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நவம்பரில் ஒரு நாள், துடுப்பு மாட்டும் கொண்டிக்கு ஒரு போல்ட் வாங்க அக்காவும் என்னோடு பஸ்ஸில் வந்தாள். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கோட்டக்குப்பத்தில் இறங்கி வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் இருக்க முடியவில்லை.

பஸ்ஸிலேயே கெஞ்சினேன். "அக்கா, அம்மா கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிங்க."

"கேக்காம இருந்தா நானா சொல்ல மாட்டேன்" என்றாள்.

அம்மா டீ கொடுத்துவிட்டு, பிரியமாகத்தான் கேட்டார். "நீயும் கம்ப்யூட்டர் கிளாஸ்தானாம்மா?"

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் மரக்காணத்துல படகு ஓட்டுறோம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "டீ நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனாள்.

அன்றோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. கல்லூரிக்கு மட்டும் போய் வரலாம், அதுவும் சின்ன மாமா கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். ஒன்றரை மாதம் அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு பொய், அதுவும் ஒரே ஒரு வார்த்தை, "ஆமாங்க" என்றால் போதும். அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

டிசம்பர் இருபத்தாறும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் எங்கள் தெருவில் ஜனங்கள் கத்திக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல் மரக்காணத்துச் சேதி வந்தது. முகத்துவாரம் வழியாகக் கடல் கழிக்குள் ஏறிவிட்டது, குப்பங்கள் போய்விட்டன என்றார்கள். நான் துடுப்பு போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டிய அதே நேரம், அதே தண்ணீர். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார்.

அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய நாலு நாள் ஆனது. பத்து நாள் கழித்து அம்மா தெருவில் புடவையும் பாயும் அரிசியும் சேகரித்து, ஒரு டெம்போவில் என்னையும் ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனார்.

கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு கம்பம் நின்றது. அக்கா வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்திருந்தது. அவள் இடது கை மணிக்கட்டில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் அம்மா புலம்ப ஆரம்பித்தார்.

"கேளுங்கம்மா இவ பண்றத. இவ படகுல போயி ரெண்டு புள்ளைங்கள காப்பாத்தினான்னு ஊரே பேசுது. பேப்பர்காரரு வீடு தேடி வந்தாரு. மேடையில கூப்ட்டு பரிசு தருவாங்க, கவர்மெண்டு வேலைகூடக் கெடைக்கும்னாரு. இவ இன்னா சொன்னா தெரியுமா?"

"இன்னா சொன்னேன்? நடந்தத சொன்னேன்" என்றாள் அக்கா. எங்களிடம் திரும்பினாள். "தண்ணி ஏறினப்ப படகு கவுந்துடுச்சுங்க. கவுந்த படகப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நண்டு புடிக்கிறவர் ஒருத்தர் என் முடியப் புடிச்சு இழுத்து வரப்புல போட்டார். நான் யாரையும் காப்பாத்தல. பேப்பர்காரர அவர் வீட்டுக்குக் கூட்டிப்போயி காட்டினேன், இவர எழுதுங்கன்னு. போட்டோ எடுக்காமலே போயிட்டாரு."

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். குப்பத்துக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. யாரையும் பார்க்காமல் நேராக அக்காவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீ அன்னிக்குத் தண்ணியில இருந்தியாமே. என் புள்ளையப் பாத்தியா? அஞ்சு வயசு. பச்ச கவுனு."

அக்காவின் அம்மா பின்னால் நின்று இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். என் அம்மா என் கையைப் பிடித்தார்.

"பாத்தேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"ஒரு பலகையப் புடிச்சிருந்துது. துடுப்ப நீட்டினேன். எட்டல. ஒரு ஆள் நீளம் தள்ளிப் போச்சு."

"அழுதுச்சா?"

"அழல. கண்ணு தொறந்திருந்துது. என்னத்தான் பாத்துச்சு."

"எந்தப் பக்கமாப் போச்சு?"

"பாலத்துப் பக்கம்."

அந்தப் பெண் மெதுவாக அக்காவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "பாலத்துக்கிட்டதான் கெடச்சா" என்றாள். பிறகு, "எல்லாரும் பாக்கல பாக்கலன்னே சொல்றாங்க. ஒருத்தர்கூடப் பாக்காமலா எம்புள்ள போயிருக்கும்னு இருந்துது" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அக்கா அவளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தாள். அந்தப் பெண் எழுந்து போக வெகுநேரமானது.

அம்மா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெம்போக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். கிளம்பப்போகிறோம் என்று நினைத்தேன். அம்மா திரும்பி அக்காவிடம் கேட்டார். "யம்மா, எனக்கு ஒண்ணு சொல்லு. என் மவ திரும்பப் படகுக்கு வந்தா ஆபத்தா?"

"ஆபத்துதாங்க."

"நீ கூட இருந்தா?"

"அவளுக்கு நீச்சல் தெரியும். நான் கூட இருப்பேன். ஆனா கடல் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கே பாத்தோமே."

"அவளுக்கு இது வருமா?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். "வரும். என்னவிட நல்லாவே வரும். ஆனா ரெண்டு வருஷம் ஆவும்."

டெம்போ கோட்டக்குப்பம் நெருங்கும்போது, "ஒங்க அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அம்மா. "பத்திரமாப் பாத்துக்கிறேன்னு அவ சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

மார்ச்சில் இன்னொரு பழைய படகு வந்தது. முதல் நாள் அக்கா படகில் ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை எடுக்காமல் நின்றாள். "பயமா அக்கா?" என்று கேட்டேன். இப்போது கேள்வி கேட்க ஓரளவு பழகியிருந்தேன். "ஆமா. பாரு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த விரல்களோடுதான் துடுப்பைப் பிடித்தாள்.

அந்தப் படகில் ஓட்டுபவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும். எனக்கு முன்னால் அக்காவின் முதுகு. அவள் முதுகு முன்னால் போனால் நானும் போக வேண்டும், பின்னால் சாய்ந்தால் நானும் சாய வேண்டும். ஏறத்தாழ ஒரு வருடம் நான் அதிகமாகப் பார்த்தது அவள் முகத்தை அல்ல, அந்த முதுகைத்தான். அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்றால் அது எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை என்றாலும் தெரியும்.

சண்டை பெரும்பாலும் கல்யாணத்தைப் பற்றி. பிரம்மதேசத்திலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் படகையெல்லாம் விட்டுடுவேல்ல?" என்று கேட்டாராம். "விட மாட்டேங்க" என்றாளாம் இவள். "சமைப்பியா?" "சோறு வடிப்பேன். கொழம்பு நல்லா இருக்காது." அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனதை அவள் அம்மா எனக்கு நடித்தே காட்டினார். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது அவருக்கு.

2005 கடைசியில் நாங்கள் இருவரும் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தோம். அடுத்த பிப்ரவரியில் ஐதராபாத்தில் ஏரிக்கரையில் முகாம். ஜூலையில் வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டி. அதற்கு ஒரே ஒரு இருவர் படகு. முகாம் முடிவில் நடக்கும் தேர்வில் எங்கள் நேரம் சரியாக இருந்தால் நாங்கள்தான். அம்மா வாரம் ஒருமுறை விடுதிக்குப் போன் செய்வார். என்னிடம் பேச மாட்டார், அக்காவைக் கூப்பிடச் சொல்வார். "ஒழுங்காச் சாப்பிடறாளா?" "காலையில சாப்பிடறதில்லீங்க." அதன் பிறகு என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அக்காவின் முதுகில் ஏதோ மாறியது. வலது பக்கம் மட்டும் ஒரு அங்குலம் முன்னதாகவே நின்றது. மூச்சு விடும்போது இழுத்துப் பிடித்தாள். அறையில் படுக்காமல் சுவரில் சாய்ந்தபடி தூங்கினாள்.

"அக்கா, விலாவா?" என்று கேட்டேன்.

"ஆமா. இருமினா உயிரு போவுது. எலும்பா இருக்கும்னு தோணுது."

துடுப்பு போடுகிறவர்களுக்கு விலா எலும்பில் விரிசல் வருவது உண்டு. வந்தால் ஒன்றரை மாதம் ஓய்வு. அக்கா இல்லாமல் வேறு யாரையாவது எனக்கு முன்னால் உட்கார வைப்பார்கள், இத்தனை நாள் பழகிய வேகம் போய்விடும், நானும் போக முடியாது. அப்போது எனக்கு வந்த நினைப்பு இதுதான். அவளுக்கு வலிக்கிறதே என்பது பிறகுதான் வந்தது.

"சார்கிட்ட சொல்லாதீங்க அக்கா. இன்னும் பதினஞ்சு நாள்தான். தேர்வு முடிஞ்சதும் ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

அவள் யோசித்தாள். அவளுக்கும் இருபத்தேழு ஆகப்போகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவளுக்கும் தெரியும். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள். "கேட்டா சொல்லுவேன்."

ஆகவே முகாமின் பயிற்சியாளரான சார் அவளைக் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். நாலு நாள். பயிற்சி முடிந்ததும் அக்காவை முன்னால் அனுப்பிவிட்டு நான் சாரிடம் போய் நிற்பேன், அதைக் கேட்பேன், இதைக் கேட்பேன். உடற்பயிற்சி வகுப்பில் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நிற்பேன். நாலாவது நாள் காலை, படகைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் நேராக என்னிடம் வந்தார். சென்னைக்காரர், தமிழில்தான் பேசுவார்.

"நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது. முன்னாடி இருக்கிறவளுக்கு ஏதாவது பிரச்சினையா?"

"ரெண்டு நாளா காய்ச்சல் சார். சரியாயிடுச்சு" என்றேன்.

பத்தடி தள்ளி அக்கா துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"காய்ச்சல் இல்ல சார். விலா எலும்பு. நாலு நாளா."

ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு இடத்தில் விரிசல். மறுநாள் சாயங்கால ரயிலுக்கு அவளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். பை தூக்க முடியாது என்பதால் விடுதி வாசல்வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோ வந்தது.

"உங்களுக்காகத்தான் அக்கா அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"எனக்காகச் சொல்லல" என்றாள். குரல் ஏறவில்லை. "உனக்காகச் சொன்னே." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "புதுசா வர்றவளோட தோளைப் பாத்து ஓட்டு. முதுகைப் பாக்காத. அவ முதுகு வேற."

என் பொய்க்கு சார் என்னை விலக்கியிருக்கலாம். ஏனோ விலக்கவில்லை. கேரளத்திலிருந்து வேறொரு பெண்ணைச் சேர்த்தார். நான் அவள் தோளைப் பார்த்து ஓட்டினேன். தேர்வில் தேறினோம். வெளிநாடு போனோம். கடைசிப் போட்டியில் ஐந்தாவதாக வந்தோம். கரையில் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு முன்னால் இருக்கவேண்டிய முதுகு அங்கே இல்லை என்பதைத்தான் நான் அந்தத் தூரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாளே மரக்காணம் போனேன். ஆகஸ்ட் வெயில். அக்கா அவள் அம்மாவோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். எலும்பு கூடிவிட்டது, வேலை செய்ய முடிகிறது என்றாள். என் போட்டி நேரத்தைக் கேட்டாள். சொன்னேன். வாரிக்கொண்டே கணக்குப் போட்டாள்.

"என்னோட போயிருந்தா ரெண்டு செகண்டு கம்மியாயிருக்கும்" என்றாள். "நாலாவது வந்திருப்போம்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"என் மேல கோவமா அக்கா?"

"ஆமா."

"நான் சார்கிட்ட பொய் சொன்னதுக்கா?"

"அதுக்கில்ல." பலகையை வரப்பில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "நாலு நாள் என் முதுகப் பாத்துக்கிட்டே ஓட்டினியே. வலிக்குதுன்னு தெரிஞ்சே ஓட்டினியே. அதுக்கு."

என் காலடியில் உப்பு நொறுங்கிக்கொண்டிருந்தது. "எப்போ போகும்?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி.

"தெரியல. போனா சொல்றேன்." வெயிலைப் பார்த்தாள். "மூணே காலுக்கு ஒரு பஸ் இருக்குது. போ. தலையில துணியப் போட்டுக்கோ."

அதன் பிறகு அவளைப் பற்றிக் கேள்விப்படத்தான் செய்தேன். செப்டம்பரில் சென்னையில் ஒரு தேர்வுக்குப் போனாளாம். ஓட்டி முடித்துக் கரைக்கு வந்ததும் அவளே கடிகாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் நேரம் ஏறிக்கிட்டே போவுது சார். இந்த எடத்த வேற பொண்ணுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். பதினாலு வருடப் படகு வாழ்க்கை அப்படி முடிந்தது. திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சருக்கு உதவியாகச் சேர்ந்தாள் என்றார்கள். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போன் நம்பரும் இல்லை. நடந்ததை எல்லாம் அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "சொல்றேன்னு சொன்னாள்ல, சொல்லுவா. இரு" என்றார்.

டிசம்பரில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வீட்டில் போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் பஸ் ஹாரனும் யாரோ வேர்க்கடலை விற்கிற சத்தமும் கேட்டன.

"கோட்டக்குப்பமா?"

"அக்கா!"

"கோவம் போயிடுச்சு."

"எப்போக்கா?" என்று கேட்டேன்.

"எப்போன்னு தெரியல. இன்னிக்குக் காலையில பாத்தேன், இல்ல. போனா சொல்றேன்னு சொன்னேன்ல, அதான். நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நீங்க?"

"பரவால்ல. புள்ளைங்க சொன்ன பேச்சுக் கேக்குறதில்ல. காயின் முடியப்போவுது, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "யாருடி?" என்றார்.

"மரக்காணத்து அக்கா."

"என்ன சொன்னா?"

"கோவம் போயிடுச்சாம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அவ சொன்னா போயிருக்கும்" என்றார். "போ, மூஞ்சியக் கழுவிட்டு வா."